அணையாத லைட்

நேற்று சாயங்காலம் எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். கோபி மஞ்சூரி வண்டிக்காரர் காய்ந்த சட்டியில் வினிகரைச் சுற்றி ஊற்றினார். குப்பென்று ஆவி கிளம்பியது. வண்டியைச் சூழ்ந்து நின்ற காலேஜ் பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே நான் பாடம் எடுக்கிற எட்டாம் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் வினிகர் எனக்குச் சாப்பாட்டுச் சாமானாகத் தோன்றியதே இல்லை. அது லேப் சாமான். யார் வீட்டிலாவது அந்த வாசம் வந்தால் "எல்லாரும் இங்க கவனிங்க" என்று சொல்ல வாய் வரும்.

"இன்னா மிஸ், அர பாட்டில் போதுமா?" என்றார் வண்டிக்காரர். அவருக்கு என்னைத் தெரியும். கோபி வண்டிக்கு வந்து கோபி வாங்காமல் வினிகர் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். முதலில் நான் போட்டிக் கடை போடப்போகிறேன் என்று சந்தேகப்பட்டார். பாடம் நடத்துவதற்கு என்று சொன்னதும் சந்தேகம் இன்னும் கூடியது. இப்போது பழகிவிட்டது. பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். முழங்கால் வலித்தது. ரிட்டயர் ஆவதற்கு இன்னும் கொஞ்ச காலம்தான், அதற்குள் இதெல்லாம் எதற்கு என்றுகூடத் தோன்றியது. தோன்றியதே தவிர பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

லேப் என்றதும் நீங்கள் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பள்ளியில் லேப் என்பது ஒரு இரும்பு பீரோ. அதற்குள் ஒரு கால் ஆடுகிற முக்காலி, காந்தம் என்ற பேர் மட்டும் மிச்சமிருந்த ஒரு காந்தம், கீறல் விழுந்த லென்ஸ், சுருட்டி வைத்த எலும்புக்கூடு படம். கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது, அது கிரிக்கெட் பந்துக்குப் போனது. அதற்குப் பதிலாக டீக்கடையில் பன் போட்டு வைக்கிற ஜாடி ஒன்றை நானே வாங்கினேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்த ஜாடிக்குள் எறும்பு வந்தது. விஞ்ஞானத்தைவிட எறும்புக்குப் பன்னின் மேல் நம்பிக்கை அதிகம்.

பிள்ளைகளுடைய நம்பிக்கைகளும் அப்படித்தான், கழுவினால் போவதில்லை. பாடப்புத்தகத்தைப் பெங்களூரில் உட்கார்ந்து யாரோ எழுதுகிறார்கள். அதைத் திறப்பதற்கு முன்பே இந்தப் பிள்ளைகளின் தலையில் வேறொரு புத்தகம் இருக்கும். அதை எழுதினவர்கள் அவர்களுடைய அப்பா, தாத்தா, சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டின லைன் வீட்டு ஆட்கள். ஒரு தடவை மலைகள் எப்படி உண்டாகின்றன என்று பரீட்சையில் கேட்டிருந்தேன். "மில்லில் அரைத்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதால் மலைகள் உண்டாகின்றன" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சயனைடு மேடு, தங்கத்தைப் பிரித்தபின் கொட்டின சுரங்கக் கழிவு மண், சாம்பல் நிறத்தில் வெயிலில் கிடந்தது. அந்தப் பையன் தினமும் பார்க்கிற மலை அது ஒன்றுதான். பெருக்கல் குறியை அடித்துவிட்டுப் பாதி மார்க் போட்டேன்.

இன்னொரு நாள், கீழே போகப்போக ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டேன். சுரங்கத்தில் கடைசி லெவலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், இதற்காவது சரியாகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். சர்ச் தெருவிலிருந்து வருகிற ஒருவன் எழுந்தான். "கீழ நரகம் இருக்குது மிஸ். அந்த நெருப்புதான்." அடுத்த பெஞ்சில் பௌத்தர் வீட்டுப் பெண் ஒருத்தி, "எங்க ஊட்ல நரகம் எல்லாம் இல்ல மிஸ்" என்றாள். அவன் திரும்பி, "அப்போ உங்க தாத்தாவுக்கு மட்டும் கீழ ஏசி போட்டிருந்தாங்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்து அடங்கவில்லை. நானும்தான்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு தொனி வருகிறது. உண்மையில் கீழே எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. எங்கள் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்ட்டுக்குப் போனவர். ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜில் பெண்களை ஏற்றமாட்டார்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்ன அளவுக்குத்தான் எனக்குச் சுரங்கம் தெரியும். அவரும் அதிகம் பேசுகிறவரில்லை. குழம்பில் உப்பு குறைவு என்பதற்கும் இன்றைக்கு ஒரு ஆள் போய்விட்டான் என்பதற்கும் அவர் குரலில் பெரிய வித்தியாசம் இருக்காது.

எரிதல் பாடத்துக்கு வருகிறேன். சுரங்கம் மூடிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊரில் பாதிப்பேர் விடியும் முன்பே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். வகுப்பில் தூங்குகிற பிள்ளைகளை நான் எழுப்பமாட்டேன். அப்பாவும் அம்மாவும் வரும்வரை முழித்திருந்த பிள்ளைகள் அவர்கள். அந்தச் சமயத்தில்தான் கோலாரில் ஒரு பயிற்சிக்கு எங்களை அனுப்பினார்கள். பயிற்சி என்றால் உப்புமா, டீ, நடுவில் கொஞ்சம் தூக்கம். அதில் ஒரு இளம் வாத்தியார் சொன்னது மட்டும் தூக்கத்தையும் மீறிக் காதில் ஏறியது. சோதனையைக் காட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள், வாய்விட்டுச் சொல்லவையுங்கள் என்றார். சொல்லாமல் பார்த்தால் அவர்கள் ஏற்கெனவே நம்புவதைத்தான் அதிலும் பார்ப்பார்கள், கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். மீசை சரியாக முளைக்காத பையன் எனக்குச் சொல்லித்தருகிறான் என்று எரிச்சலாக இருந்தது. எரிச்சல்தான் அந்தப் பேச்சை மறக்கவிடவில்லை என்று நினைக்கிறேன்.

ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். "யாக்கே மேடம் இதெல்லாம்? போர்ஷன் முடிங்க, போதும்" என்றார் பாதிக் கன்னடத்தில். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு மேலே ஒருவர் அவரிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மெழுகுவத்தியைக் கொளுத்தி அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்தேன். அணைந்தது. வழக்கம்போலக் கை தட்டினார்கள். அப்புறம் பயிற்சி ஞாபகம் வந்து, புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டேன். "இருட்டா ஒரு பள்ளம் இருக்குது. உள்ள நல்ல காத்து இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

கௌதமி எழுந்தாள். நரகம் இல்லை என்று சொன்னாளே, அந்தப் பெண்தான். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். "லைட்டு அணைஞ்சா காத்து இல்ல மிஸ். லைட்டு நின்னா காத்து இருக்குது."

எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் காலத்தில் கீழே கார்பைடு விளக்கைத்தான் கொண்டுபோனார்கள். தீ தளர்ந்தால் காற்று கெட்டுவிட்டது என்று அர்த்தம், திரும்பிவிட வேண்டும். தாத்தா சொன்னது பேத்தி வரைக்கும் வந்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன். "ரொம்பச் சரி" என்று சொல்லி உட்காரச் சொல்லப்போனேன். அவள் உட்காராமல் மேலும் சொன்னாள்.

"எங்கப்பா புது லைட்டு வாங்கினாரு மிஸ். நெத்தியில கட்டிக்கிறது. அது எவ்ளோ உள்ள போனாலும் அணையவே மாட்டேங்குதாம். பழைய லைட்டுங்கள்லாம் சும்மா சும்மா அணைஞ்சிடுமாம். இது இருந்தா இன்னும் உள்ள போலாம்னு சொல்றாரு."

பங்காருபேட்டை பஜாரில் குவித்து வைத்து விற்பார்களே, அந்த பேட்டரி லைட். என் கையில் சாக்பீஸ் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வகுப்பைப் பார்த்துக் கேட்டேன், நெத்தி லைட் எரிந்தால் அங்கே காற்று இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்கிறீர்கள் என்று. கிட்டத்தட்ட எல்லாக் கைகளும் மேலே வந்தன. தாத்தாவின் விளக்கு போய்விட்டது, அதற்கான விதி மட்டும் பத்திரமாக இருந்தது. அந்த விதியை எடுத்து பேட்டரி லைட்டுக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் இப்படியொரு தப்பு வராது.

கௌதமியின் அப்பா எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மூடின சுரங்கங்களில் சிலர் உள்ளே நுழைந்து செம்புக் கேபிளையும் இரும்பையும் அறுத்து எடுத்துவந்து விற்றார்கள். ஊருக்கே தெரியும், யாரும் பேசமாட்டார்கள். எந்த இடம் என்று நானும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் வினிகர், ஆப்ப சோடா, மெழுகுவத்தித் துண்டு, நெத்தி லைட் ஒன்று, எல்லாவற்றோடும் வகுப்புக்குப் போனேன். ஜாடிக்குள் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து, அதே ஜாடிக்குள் பக்கத்திலேயே லைட்டையும் எரியவிட்டு வைத்தேன். ஒரு ஜக்கில் சோடாவைக் கொட்டி அதன்மேல் வினிகரை ஊற்றினேன். பொங்கி அடங்கியது. "இதுலேர்ந்து வர்ற காத்து மூச்சுவிட லாயக்கில்லாத காத்து. வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. கனமானது, பள்ளத்துல போய்த் தங்கிக்கும். இப்போ இத்த ஜாடிக்குள்ள ஊத்தப்போறேன். இன்னா ஆகும்? சொல்லிட்டுத்தான் பாக்கணும்." இரண்டும் அணையும் என்றார்கள். முதலில் மெழுகுவத்தி, அப்புறம் லைட்.

திரவம் விழாதபடி ஜக்கை மெதுவாகச் சாய்த்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் ஒன்றுமே இல்லாததை ஊற்றுகிற மாதிரி இருந்திருக்கும். மெழுகுவத்தி தலை குனிந்து அணைந்தது. லைட் அப்படியே எரிந்தது. காத்திருந்தார்கள். லைட் எரிந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். ஒரு வாத்தியாருக்கு அந்த மாதிரி மௌனம் அடிக்கடி கிடைப்பதில்லை.

பெல் அடித்து எல்லாரும் போனபிறகு கௌதமி மட்டும் மேஜைப் பக்கத்தில் நின்றாள். "மிஸ், எங்கப்பாகிட்ட வந்து காட்டுறீங்களா? நான் சொன்னா சிரிப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, ஜாடியையும் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஜெபப் புத்தகமும் வினிகரும் ஒரே பையில். மைசூர் மைன்ஸ் பக்கத்து லைன் வீடு. முன்னறையில் புத்தர் படம், அதன் முன்னால் இரண்டு மெழுகுவத்தி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலி எனக்கு. கௌதமியின் அம்மா பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர். அன்றைக்கும் ஓவர்டைம் என்று போயிருந்தார். அப்பா மெலிந்த ஆள், மரியாதையான ஆள். பெங்களூரில் பிளம்பிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். கான்ட்ராக்டர் மாறியதும் வேலை நின்றுபோயிற்று. வாசற்படியில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து லைன் ஸ்டீபன், கல்யாணமாகாத பையன், இவரோடு கீழே இறங்குகிற கூட்டாளி.

"மிஸ்ஸு வீட்டுக்கே வந்து பாடம் எடுக்கிறாங்கண்ணே. ஃபீஸ் கேக்கப்போறாங்க" என்றான் ஸ்டீபன். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன். டீ வந்தது.

நான் செய்த தப்பைப் பாருங்கள். டீ, மரியாதை, எல்லாரும் என் முகத்தையே பார்ப்பது, இந்தப் பதற்றத்தில் முதலில் கேட்க மறந்துவிட்டேன். நேராகக் காட்டிவிட்டேன். மெழுகுவத்தி அணைந்தது, லைட் எரிந்தது. கௌதமியின் அப்பா முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மிஸ்? மெழுகுவத்திக்குத் தெம்பு பத்தல. இந்த லைட்டு எப்படி நின்னுச்சு பாருங்க. இத்த நம்பி எங்க வேணும்னாலும் போலாம்."

கௌதமி என்னைப் பார்த்தாள். கோலார் பயிற்சியில் அந்த இளம் வாத்தியார் சொன்னது சரியாகத்தான் போயிற்று. அந்த மனிதர் நம்பியதை உடைக்க வந்த நான், அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வது என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். மூலையில் தண்ணீர் டிரம் இருந்தது. அப்போது தண்ணீர் எப்போதாவதுதான் வரும், அதனால் எல்லார் வீட்டிலும் முன்னறையிலேயே டிரம் இருக்கும்.

ஒரு பாலிதீன் கவர் கேட்டு வாங்கி, லைட்டை அதில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி முடிச்சுப் போட்டேன். கூட ஒரு கல்லையும் கட்டினேன். "இப்போ இத்த டிரம்முல போடப்போறேன். தண்ணிக்கு அடியில போயிடும். லைட்டு இன்னா ஆகும்? நீங்க சொல்லுங்க, அப்புறம்தான் போடுவேன்."

"அணைஞ்சிடும்" என்றார் அவர், உடனே. "தண்ணிக்கு அடியில காத்து ஏது மிஸ்?"

"அணையாதுண்ணே" என்றான் ஸ்டீபன் வாசற்படியிலிருந்து. "அது பேட்டரி. பேட்டரிக்குக் காத்து எதுக்கு? மனுசனுக்குத்தான் காத்து வேணும்."

போட்டேன். லைட் தள்ளாடிக்கொண்டே இறங்கி அடியில் போய்ப் படுத்தது. அங்கிருந்து பளிச்சென்று எரிந்தது. எல்லாரும் குனிந்து எட்டிப் பார்த்தோம். தண்ணீரின் வெளிச்சம் எங்கள் முகங்களில் ஆடியது. "லைட்டு நல்லா எரியுது. நீங்க உள்ள தலைய வெச்சா எவ்ளோ நேரம் இருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் இன்னும் கிட்டே வந்தார். டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதரின் தலைக்குள் ஒன்று இடம் மாறுவதைக் கண்ணால் பார்க்க முடியும் என்றால், நான் அன்றைக்குப் பார்த்தேன். அது இல்லாவிட்டால் இந்த வேலையை நான் எப்போதோ விட்டிருப்பேன்.

கடைசியில் நிமிர்ந்தார். "சரி மிஸ். அப்போ மெழுகுவத்தி எடுத்துனு போணும்ன்றீங்க."

நான் அப்படிச் சொல்ல வரவில்லை. போகாதீர்கள் என்று சொல்ல வந்தேன். ஸ்டீபன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "மிஸ்ஸு நமக்கு லைசென்ஸ் குடுத்துட்டாங்கண்ணே." நான் வேகமாகப் பேசினேன். மெழுகுவத்திக்குத் தெரியாத விஷக் காற்றும் உண்டு, மேலே பாறை இருக்கிறது, கீழே தண்ணீர் ஏறியிருக்கிறது, எதை நம்பிப் போகிறீர்கள் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "காத்துக்கு வழி சொல்லிட்டீங்க மிஸ். சோத்துக்கு?" என்றார். கோபமில்லை, கிண்டலுமில்லை, நிஜமாகவே கேட்டார். என் பாடத்தில் அதற்குச் சோதனை ஏதும் இல்லை. ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கௌதமி தெருமுனை வரை கூட வந்தாள்.

அதற்கப்புறம் அவர் கிளம்புகிற நாட்களில், கௌதமிதான் அவருடைய பையில் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் வைத்தாள். புத்தர் முன்னால் வைப்பதற்கென்று வாங்கினதிலிருந்து எடுத்து வைப்பாளாம். மறுநாள் காலை பிரேயரில் நான் அவள் முகத்தைத் தேடுவேன். அவள் லேசாகத் தலையசைப்பாள். அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு ஆசிரியைக்கும் மாணவிக்கும் நடுவில் அப்படியொரு தலையசைப்பு இருக்கக்கூடாது. மழை வரும் போகும், பரீட்சை வரும் போகும், அது மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் அவள் தலையசைத்தாள், ஆனால் அழுதுகொண்டிருந்தாள். மத்தியானம் பள்ளி கேட்டில் அவள் அப்பாவே வந்து நின்றார். கையில் சேறும் காயமும். வாட்ச்மேன் அறையில் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"மெழுகுவத்தி அணைஞ்சிது மிஸ். பத்தவெச்சேன், மறுபடி அணைஞ்சிது. ஸ்டீபன்கிட்ட வாடா போலாம்னேன். கேபிள் முனை அங்கதான் தெரியுதுண்ணே, தோ பாரு, லைட்டுல நல்லா தெரியுது, ஒரே நிமிஷம்னு சொல்லிட்டுப் போனான்." கையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினார். "அப்புறம் சத்தம் இல்ல. அவன் லைட்டு மட்டும் தெரியுது. அசையல. நான் இந்தாண்ட நின்னு கூப்ட்டுனே இருந்தேன் மிஸ். போகல. போயிருந்தா நானும் போயிருப்பேன்."

நான் அவர் தோளைத் தொட்டேன். அன்றைக்கு டிரம்மைச் சுற்றி நின்றவர்களில் சரியான பதிலைச் சொன்னவன் ஸ்டீபன். கேட்டதும் சொன்னான். தப்பாகச் சொன்ன மனிதர், அந்தத் தப்பு உடைந்த இடத்தை மறக்க முடியாமல் நின்றுவிட்டார். சரியாகச் சொன்னவனுக்கு உடைவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது, ஆனால் கேபிள் முனை கண்ணெதிரே பளிச்சென்று தெரிந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. இதை எந்தப் பயிற்சியிலும் நான் எழுந்து சொன்னதில்லை. எழுந்து சொல்லத் தெம்பும் இல்லை. ஒரு உயிர் பிழைத்தது என்று சொல்வதா, ஒரு உயிர் போனது என்று சொல்வதா, இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை. ஸ்டீபனின் அடக்கத்துக்கு எங்கள் சர்ச்சிலிருந்து எல்லாரும் போனோம். ஆராதனை முடிந்து திரும்புகிற வழியில் ஒருவரும் எந்த இடம், எதற்குப் போனான் என்று பேசவில்லை. இந்த ஊருக்கு அந்தப் பழக்கம் ரொம்ப நாளாக உண்டு.

போலீஸ் வந்தது, ஆபீசர்கள் வந்தார்கள். அந்தச் சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். இப்போது அதைச் சுற்றி சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கௌதமியின் குடும்பம் அந்த வருஷமே பெங்களூருக்குப் போய்விட்டது. ஏதோ அபார்ட்மெண்டில், தரைக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில், அவருக்கு வாட்ச்மேன் வேலை என்று கேள்விப்பட்டேன். மறுபடியும் கீழேதானா என்று நினைத்தேன். அங்கே காற்றுக்கு ஃபேன் வைத்திருப்பார்கள். டிசி வாங்க வந்தபோது கௌதமி என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். "வர்றேன் மிஸ்" என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் போகும்போது அப்படித்தான் சொல்வார்கள், ரயிலேறினவர்கள் யாரும் அப்புறம் வருவதில்லை.

அந்த லைன் வீடுகளில் பாதி இடிந்துவிட்டது. எங்கள் பள்ளியில் தமிழ் மீடியம் போய், கன்னடம் போய், இப்போது எல்லாம் இங்கிலீஷ். இரும்பு பீரோவைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். அதில் மெழுகுவத்தி அணைகிற வீடியோ இருக்கிறது. அழகான வெள்ளைக் கையொன்று டம்ளரைக் கவிழ்க்கும், பின்னால் இசை வரும். அணைந்ததும் திரையே விடையைச் சொல்லிவிடும். பிள்ளைகள் சொல்ல வேண்டிய வேலை இல்லை. எனக்கு அதில் வெறுப்பு ஒன்றுமில்லை, தொண்டைக்கு ஓய்வாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கோபி வண்டிக்குப் போய்விடுகிறேன்.

இன்றைக்குக் காலையில் அதைச் செய்தேன். மெழுகுவத்தியும் லைட்டும் பக்கத்தில் பக்கத்தில். லைட் இப்போது ஒரு பிள்ளையிடம் வாங்கின செல்போன், அவ்வளவுதான் வித்தியாசம். ஊற்றுவதற்கு முன்னால் கேட்டேன், எது அணையும் என்று. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் சொன்னார்கள், மெழுகுவத்தி மட்டும்தான், போன் பேட்டரியில் எரிகிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டாம் என்று. சேர்ந்து, ஒரே குரலில், கைடில் இருக்கிற வார்த்தைகளிலேயே சொன்னார்கள். நான் ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு முகம் முகமாகப் பார்த்தேன். நெத்தி லைட் நின்றால் காற்று இருக்கிறது என்று சொல்ல அந்த வகுப்பில் யாரும் இல்லை. அப்படிச் சொல்லித்தர அவர்கள் வீட்டில் யாரும் மிச்சமில்லை. ஒரு தப்பு இந்த ஊரைவிட்டே போய்விட்டது. அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும்.

"இத்த நான் எதுக்குக் கேக்கிறேன்னு யாருக்காவது தெரியுமா?" என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"எக்ஸாமுக்கு வரும் மிஸ்."

ஆமாம், வரும் என்றேன்.